நாலு டிகிரி

ஈரோட்டில், ராத்திரி ரத்த வங்கியில்,
குளிர்பெட்டியின் முனகலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
ரத்தம் குடிக்கிறவனைப் பற்றிப் படிக்கிறேன்.
வாட்ச்மேன் மாரப்பன் சிரிக்கிறார்:
"ஏனுங்க, ராத்திரி பூரா பாக்கறது பத்தலீங்களா?"

பத்தவில்லை.
பெட்டிக்குள் இருப்பது பை, எண், காலாவதித் தேதி.
முப்பத்தைந்து நாளில் அதன் ஆயுசு முடிந்துவிடும்.
புத்தகத்தில் இருப்பவன்
முந்நூறு வருஷமாய்ச் சாகவில்லை.

மணிக்கூண்டுப் பக்கம் எட்டு ரூபாய்க்கு வாங்கியது.
அட்டை கிழிந்த மாத நாவல்,
கடைசித் தாளின் முதுகில் மூல வைத்திய விளம்பரம்.
திம்பத்தில், பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே
ஒரு பங்களா, அதில் அவன்.
பூட்டை ஊதியே திறப்பான்.
எழுதியவருக்கு எங்கள் ஊர் தெரியாது போல:
பூண்டு வாசம் பட்டால் சுருண்டு விழுவானாம்.
அம்மா வைக்கிற பூண்டுக் குழம்புக்கு
அவன் வீரப்பன்சத்திரமே தாண்டியிருக்க மாட்டான்.
மஞ்சள் மண்டி வேறு.
காற்றில் பாதி மஞ்சள் தூளாய் இருக்கிற ஊரில்
எந்தப் பேய் தும்மாமல் பறக்கும்?

ஆனாலும் ஓர் இடம் வந்தால்
ஒவ்வொரு தடவையும் விரலை வைத்துக்கொண்டு
புத்தகத்தை மூடிவிடுகிறேன்.
பூட்டை ஊதித் திறக்கிற அவன்
ஒரு வீட்டு நிலைப்படியில் வந்து நின்று
உள்ளே வரலாமா என்று கேட்கிறான்.
அவள் வாங்க என்கிற வரைக்கும்
மழையில் நிற்கிறான்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஏழு பேர்.
கார்க் கதவு சாத்துகிற சத்தம்,
அது அடங்குவதற்குள் நடுக்கூடத்தில் குரல்:
"எந்தக் கூட்டமுங்க?
அம்மா வழி எந்தக் கூட்டமுங்க?
தோட்டம் எத்தனை ஏக்கரா, கெணத்துல தண்ணி நிக்குதுங்களா?"
அவனுக்கு ஒரே கேள்விதான்.
அதற்கு என்னிடம் பதிலும் இருக்கிறது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி, இரண்டே முக்கால்.
ஜன்னலில் ஒரு முகம்.
காங்கயத்துக்காரர். அப்பாவுக்கு ஓ நெகட்டிவ்.
வேட்டியில் அப்பாவின் ரத்தம் காய்ந்து மொடமொடக்கிறது.
கையெழுத்து கோட்டைத் தாண்டி ஓடுகிறது.
பையை வாங்கினார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்,
பிறகு குரலைத் தாழ்த்தி,
"இது யாரு குடுத்ததுங்க?"

"நாலாயிரத்து நானூத்திப் பதினேழுங்க."

"நம்பர் இல்லீங்க. ஆளு.
ஆளு யாருங்க?"

ஆளை எனக்குத் தெரியும்.
சாயப்பட்டறையில் வேலை, நகக்கண்ணில் போகாத நீலம்.
குடுத்து முடித்து, நாங்கள் தந்த பிஸ்கட்டை
மகளுக்கென்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனவன்.
எந்த ஊர், எந்தத் தெரு,
எல்லாம் படிவத்தில் இருந்தது.
தெரியாதுங்க என்றேன்.
சொல்லி மூடிய வாய்க்குள்
என் பற்கள் என் நாக்கில்
புதுசாய்க் கூர்மையாய்ப் பட்டன.

அவர் ஓடினார்.
நாலு டிகிரியில் தூங்கிக் கிடந்தது
யார் வீட்டு வாசலிலும் நிற்காமல்
யாரையும் கேட்காமல்
உள்ளே போயிருக்கும்.
பெரியவர் பிழைத்துக்கொண்டார் என்று
மறுவாரம் மாரப்பன் சொன்னார்.
இன்னும் தோட்டத்து ஆளுக்குக்
கொட்டாங்குச்சியில்தான் டீ ஊற்றுகிறாரோ என்னவோ.

கடைசி அத்தியாயத்தில் வழக்கம்போல் அவனைக் கொல்கிறார்கள்.
ஆணி, சுத்தியல், வாடகைக்கு ஒரு பூசாரி.
அந்தத் தாளை மட்டும் கிழித்துப் போட்டேன்.
மூல வைத்தியமும் அதோடு போயிற்று.

ஆறு மணிக்கு வெளியே வந்தால்
வெயில் கண்ணைக் கொத்துகிறது.
துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு
சித்தோடு பஸ்ஸில் நிழல் விழுகிற பக்கமாய்ப் பார்த்து உட்காருகிறேன்.
வீட்டில் அம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமல்,
"பொழுதோட ஒறம்பரை வராங்க. எட்டாவது.
சித்த நேரம் தூங்கி எந்திரி."

ஜன்னலில் பழைய சீலையைக் கட்டி இருட்டாக்குகிறேன்.
வரட்டும் அம்மா.
வந்து, நிலைப்படிக்கு அந்தப் பக்கமாகவே நின்று
யாராவது கேட்டால் மட்டும்
என்னை எழுப்பு.